காதில் விழுந்தால் தீட்டு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பலகாரக் கடை. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் பக்கம் போனேன். மருமகள் காராசேவு வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கண்ணாடிப் பெட்டிமேல் பிளாஸ்டிக் கவர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கவரிலும் பொட்டுப் பொட்டாக இருபத்தொரு அதிரசம், வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு மஞ்சள் துண்டு, முடிச்சுப் போட்ட கயிறு.

“இன்னாம்மா இது?” என்று கல்லாவில் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

“நோம்பு செட்டுமா. எல்லாம் உள்ளயே இருக்குது. அப்டியே கோயிலுக்கு எடுத்துக்கினு போயிடலாம்.”

“சுட்டது யாரு?”

“மாஸ்டருதான்.”

“தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு சுட்டாரா, ஊத்தாமயா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் ஒரு தட்டு நிறைய சுடச்சுட அதிரசம் கொண்டுவந்து வைத்தார். வெல்லப்பாகு, ஏலக்காய், சுக்கு. எனக்கு அந்த வாசனை ஆகாது. முப்பது வருஷத்துக்கு மேல் வருஷா வருஷம் அந்த வாசனையை என் வீட்டு அடுப்பில் நானே உண்டாக்கிவிட்டு, இப்போது ஆகாது என்று சொல்வது வெட்கக்கேடுதான். ஆனாலும் அதுதான் நிஜம். காராசேவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் நோன்பு எடுக்கிற வீட்டில் பிறந்தவரா? இல்லையென்றால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எடுக்கிற வீடாக இருந்தால் நான் சொல்வதில் பாதி தப்பு என்பீர்கள், அதற்கும் நான் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்கு வீடு முறை மாறும். எங்கள் வீடு கச்சிராயபாளையத்தில், கோமுகி வாய்க்கால் ஓரம். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். தீபாவளிக்கு மறுநாள் அமாவாசையில் கேதாரகௌரி நோன்பு. அந்தப் பெயரெல்லாம் காலண்டரில்தான். எங்கள் வாயில் அது வெறும் நோம்பு. மற்ற நாளெல்லாம் பண்டிகை, அது ஒன்று மட்டும் பயம்.

அரிசி இடிக்கும்போதே பயம் ஆரம்பித்துவிடும். பாகு காய்ச்சும்போது யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மாவுப் பானைமேல் ஒரு அடுப்புக் கரியும் ஒரு கொத்து வேப்பிலையும் வைக்க வேண்டும். வீட்டுக்குத் தூரமானவள் நிழல் பட்டால் மாவு கெட்டுவிடும். ஒரு வருஷம் அப்படி மாவு கெட்டது, பழி என்மேல் விழுந்தது. நான் அன்றைக்குக் கொல்லையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். என் நிழல் அடுப்படிவரை நீண்டது என்றால் நான் பனைமரமாகத்தான் இருக்க வேண்டும். பாகில் பதம் தப்பியிருந்தது, பதம் பார்த்தவர் அப்பாவின் அக்கா. அதை யார் வாயைத் திறந்து சொல்வது?

எண்ணெயில் போட்ட அதிரசம் பிரிந்து போனால் பங்காளி வீட்டில் கெட்டது நடக்கப் போகிறது என்று அர்த்தம். அடுத்த ஆறு மாதத்தில் பங்காளி வீட்டு ஆடு செத்தாலும் அந்த அதிரசத்தின் தலையில்தான் கட்டுவார்கள். நோன்பு அதிரசத்தை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. கையில் கட்டின கயிற்றைத் தானாக அவிழ்க்கக் கூடாது. ராசா மகள் ஒருத்தி கயிற்றைக் கழற்றி அவரைக்கொடிப் பந்தல்மேல் வீசினாளாம், பந்தல் காய்த்துத் தள்ளியதாம், அவள் பிச்சை எடுத்தாளாம். கோயிலில் வருஷா வருஷம் ஐயர் இந்தக் கதையைச் சொல்வார். பசியோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு ராசா மகள் கெட்டது மனதில் ஏறாது. அந்த அவரைக்காயைப் பொரியல் செய்து சாப்பிட்டிருப்பார்களா என்றுதான் ஓடும்.

எல்லாவற்றுக்கும் மேலே சாவு. நெருங்கிய உறவில் சாவு விழுந்தால் நோன்பு விட்டுப்போகும். விட்ட நோன்பை நாமாக எடுக்க முடியாது. விடாமல் எடுத்துவருகிற வீட்டிலிருந்து ஒரு கை கயிறு எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. லேசில் கொடுக்க மாட்டார்கள், தன் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று. சரி, இந்தத் தீட்டு எப்போது ஆரம்பிக்கிறது தெரியுமா? ஆள் செத்த நேரத்தில் இல்லை. சேதி நம் காதில் விழுந்த நேரத்தில். எங்கேயோ ஒருவர் செத்துப் பத்து நாள் ஆகியிருக்கலாம். நம் காதுக்கு வராதவரை நாம் சுத்தம்.

அதனால் நோன்பு வாரத்தில் எங்கள் அப்பா காதுக்குக் காவல் போட்டுவிடுவார். தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கி, “எதுனா லெட்டரு இருந்தா நோம்பு கழிச்சிக் குடு சாமி” என்பார். ஒரு வருஷம் எனக்கு வந்த இன்டர்வியூ கார்டு அப்படித் தபால் பையிலேயே நாலு நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது தேதி முடிந்திருந்தது. நான் அழுதேன். அப்பா அசையவில்லை. “வேல போனா வரும், நோம்பு போனா வருமா?” என்றார். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் நானும் சிரித்தேன். அப்போதே சிரிக்காமல் சண்டை போட்டிருக்க வேண்டும்.

அந்த நோன்புதான் எனக்கு மாப்பிள்ளையையும் கொண்டுவந்தது. நான் நிறம் கம்மி, பல் கொஞ்சம் முன்னால், போதாததற்கு பி.ஏ. வேறு படித்துத் தொலைத்திருந்தேன். அஞ்சு இடத்திலிருந்து வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாவதாக வடக்கனந்தலில் இருந்து வந்தார்கள். அவர்கள் வீட்டில் நோன்பு விட்டுப்போய் மூன்று வருஷம். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

“எங்களுக்கு நக நட்டு வேணாங்க. நோம்பு வுடாத வூட்டுப் பொண்ணு வேணும். இந்த வருசத்துக் கயிறோட வந்தா போதும்” என்றார்.

அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஐப்பசியில் நோன்பு, தையில் கல்யாணம். நடுவில் எதுவும் கெட்டுவிடக் கூடாது. நோன்பு நின்றால் கல்யாணம் நின்றது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்தார்கள்.

எங்கள் ஏழுமலை மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. அவருக்கு மூன்று வயதில் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டார்கள். அம்மா கல்யாணமாகி வரும்போது அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். “எனக்கு வந்த சீரு இவன்தான்” என்று அப்பா கேலி செய்வார். என்னைவிட எட்டு வயது பெரியவர். கரும்பு டிராக்டர் ஓட்டினார். என்னைக் காலேஜில் சேர்க்க அப்பாவிடம் மல்லுக்கு நின்றவர் அவர். நான் முடித்துவிட்டு வந்து வேலை இல்லாமல் வறட்டி தட்டுவதைப் பார்த்தால் அவருக்கு ஆத்திரம் வரும்.

“படிச்ச புள்ள வூட்ல குந்திக்கினு சாணி தட்டுது. இத்த கேக்காம வேற இன்னாத்த கேக்கறது?” என்று கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“மரத்த வெட்னா வேல வருமாடா?” என்று அம்மா கேட்டாள்.

“வரும்க்கா. பாரேன்.”

ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, வாரம் முழுக்க ஊர் ஊமையாகக் கிடந்தது. அந்த வாரத்தில் போலீஸ் எங்களுக்குச் செய்ததும் நியாயமில்லை, நாங்கள் செய்ததும் நியாயமில்லை. அங்கங்கே காலனிப் பக்கம் எரிந்த கூரைகளுக்கு எங்கள் ஆட்கள் யாரும் இன்றுவரை நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. மாமா நாலு மரம் வெட்டினார். நாலாவது மரத்தில் கோடாலி சறுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. காயத்தோடு வருகிறவனை எந்த மரத்தில் பட்டது என்று கேட்டுப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு. போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் ஆம்பளைகள் கரும்புக் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். லிஸ்டில் மாமா பெயர் இருக்கிறது என்று யாரோ சொன்னதும் அவர் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார். வெள்ளிமலைக்கும் அந்தாண்ட வெள்ளையன் என்று ஒரு மலைக்காரர். அவருடைய சாமை மூட்டையையும் புளியையும் மாமா டிராக்டரில் ஏற்றிவந்து சந்தையில் இறக்குவார், அந்தப் பழக்கம். வெள்ளையன் வீட்டில்தான் மாமா தங்கினார்.

சந்தைக்கு வரும்போதெல்லாம் வெள்ளையன் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். “ஆறிக்கினு வருதும்மா. தழ வச்சிக் கட்டியிருக்கறோம்.” அம்மா பீடிக்கட்டு, ரொட்டி, டெட்டால் பாட்டில் எல்லாம் கொடுத்தனுப்புவாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு சந்தை வெள்ளையன் வரவில்லை. கடைசியாக வந்தபோது, “கொஞ்சம் ஜொரம் அடிக்குது” என்று சொல்லியிருந்தார்.

நோன்பு அன்றைக்குக் காலை. நோன்புக்குத் தண்ணீர் ஆள் வாய் வைக்காத தண்ணீராக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் குடங்களோடு கழனிக்குப் போயிருந்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மழை தூறல். நாங்கள் கிளம்பும்போது அம்மா கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் கூடப் போனதை அவள் பார்க்கவில்லை; இந்நேரம் அதிரசம் சுட ஆரம்பித்திருப்பாள். கரும்புக்கு நடுவே வரப்பில் வெள்ளையன் வந்தார். தலையில் முண்டாசு இல்லை, துண்டைக் கையில் பிடித்திருந்தார். சுமை எதுவும் இல்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தது. கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டுவருகிறவர் இப்படித்தான் வருவார். தெருப்பக்கம் வர மாட்டார், முண்டாசு கட்ட மாட்டார், தள்ளி நிற்பார். அப்பாவுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. குடம் கையிலிருந்து நழுவியது.

“ஐயா, ஏழுமல அண்ணன்...”

“நிறுத்துடா!” என்றார் அப்பா. வெள்ளையன் அப்பாவைவிட மூத்தவர். மலைக்காரர் என்றால் கீழே எங்களுக்கெல்லாம் ‘டா’தான்.

“இல்லீங்க, அவுரு...”

“வாயத் தொறக்காத! காதுல வுழுந்தா எல்லாம் போச்சு. இன்னிக்கி நோம்பு. பொண்ணு கல்யாணம் இதுல நிக்குது. பொழுது சாஞ்சி கயிறு கட்னப்புறம் சொல்லு, நானே வரேன்.”

வெள்ளையன் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீயாச்சும் கேளு...”

நான் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

அப்போது இருபத்திரண்டு வயது எனக்கு. காலேஜில் பேச்சுப் போட்டியில் மூடநம்பிக்கையைக் கிழி கிழியென்று கிழித்து சோப்பு டப்பா பரிசு வாங்கியவள் நான். அந்த நிமிஷம் என் மனதில் மாமா இல்லை. பஜ்ஜி தின்றுவிட்டுப் போன அஞ்சு இடம்தான் இருந்தது. செத்தவர் செத்துவிட்டார், காலையில் கேட்டால் என்ன, சாயங்காலம் கேட்டால் என்ன என்று நினைத்தேன். வெள்ளையன் உதடு அசைந்தது தெரிந்தது. மோட்டார் சத்தமும் என் உள்ளங்கையும் சேர்ந்து ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா அவரைப் பேசவிடாமல் மேலே மேலே கத்திக்கொண்டே, தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக மோட்டார் ரூமுக்குள் உட்காரவைத்தார். “ஊருக்குள்ள வந்துடாத. குந்து, சோறு அனுப்பறேன்” என்று சொல்லிக் கதவுக்கு வெளியே கொண்டி போட்டார். வெள்ளையன் ஏன் கத்தவில்லை என்று கேட்பீர்கள். பல வருஷம் கழித்து நானும் அவரைக் கேட்டேன். “எங்க மலையிலயும் சாமிக்குன்னு நாளு வச்சிட்டா யாரும் மீற மாட்டோம் பாப்பா. ஒங்க சாமிக்கு இன்னா வெறியோன்னு பயந்துட்டேன்” என்றார். அவருக்கும் பயம், எங்களுக்கும் பயம்.

மத்தியானம் அம்மாவுக்குத் தெரியாமல் நான்தான் இலையில் சோறு கொண்டுபோனேன். அப்பா சொல்லி அனுப்பியிருந்தார், “சோத்த வச்சிட்டு வந்துடு, பேச்சுக் குடுக்காத” என்று. கொண்டியை எடுத்து இலையை உள்ளே தள்ளினேன். அவர் சோற்றைப் பார்க்கவேயில்லை.

“இன்னும் எவ்ளோ நேரம் பாப்பா?”

“ஐயரு வரணும். வந்ததும் ஆயிடும்.”

“ஜல்தி ஆவாதா?”

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வரப்பில் நடக்கும்போது ஒரு யோசனை வந்தது, செத்தவருக்கு என்ன அவசரம் என்று. வந்தது, போய்விட்டது. திரும்பிப் போய் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஐயர் சங்கராபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பஸ் லேட். நாலு மணிக்கு ஆக வேண்டிய பூசை ஆறு மணிக்குத்தான் ஆரம்பித்தது. கோயிலில் பொம்பளைகள் அதிரசம் வைத்த புதுச்சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத அம்மா முகம் வாடியிருந்தாலும் சந்தோஷமாக இருந்தாள். இந்த வருஷம் ஒரு அதிரசம்கூடப் பிரியவில்லை. ராசா மகள் கதையை ஐயர் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார். கயிறு கட்டிக்கொண்டதும் அம்மா இன்னொரு கயிறு கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

“இது ஏழுமலைக்கு. வெள்ளையன் வந்தா குடுத்தனுப்பணும். நோம்புக் கயிறு கட்னா காலு சீக்கிரம் ஆறிடும்” என்று என்னிடம் சொன்னாள்.

நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மா ஒரு அதிரசம் பிட்டு வாயில் போட்டு, தண்ணீர் குடித்த பிறகு அப்பா போய் வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நிற்கவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனச தேத்திக்கோ” என்று அம்மாவிடம் ஆரம்பித்தார். வெள்ளையன் அவரை முடிக்கவிடவில்லை.

“காரு ஒண்ணு எடுத்துக்கினு உடனே வாங்கம்மா! காலு அழுவிப் போச்சு, ஜொரத்துல பொலம்பறாரு. வெள்ளிமல ரோடு வரைக்கும் கட்டில்ல தூக்கியாந்துடறோம், அங்கருந்து ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோயிடலாம்னுதான் விடிகாலயில ஓடியாந்தேன்.”

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “விடிகாலயிலயா?”

“ஐயா கதவச் சாத்திட்டாரு. நோம்பு முடியட்டும்னாரு.”

“உசுரோட இருக்கறானா?”

“நான் வர்றப்ப இருந்தாருங்க. அக்கா வருமா, அக்கா வருமான்னு கேட்டுக்கினே இருந்தாரு.”

அப்பா காருக்கு ஓடினார். அந்த மழையில் மலைக்கு வண்டி எடுக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு ஊர் அலைந்து ஒரு வண்டி பிடித்து, வழியில் ஓடைத் தண்ணீர் வடியக் காத்திருந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. ரோட்டோரத்தில், ஒரு கொட்டகையில், கட்டிலில் மாமாவைப் படுக்கவைத்திருந்தார்கள். கார் வரும் என்று முந்தின நாள் மத்தியானமே தூக்கிவந்து காத்திருந்திருக்கிறார்கள். மேலே போர்த்தியிருந்தது.

வெள்ளையன் பெண்சாதி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “மத்தியானம் வரைக்கும் பேசிக்கினுதான் இருந்தாரும்மா. வண்டிச் சத்தம் கேக்குதா, பாருங்கன்னாரு. வெளக்கு வெக்கிற நேரத்துல போயிட்டாரு. பகல்லயே வந்திருந்தீங்கன்னா பொழச்சிருப்பாரு.”

அம்மா அழவில்லை. நேற்றுக் கட்டின நோன்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள். முந்தானையில் முடிந்திருந்த இன்னொரு கயிற்றை எடுத்துத் தம்பியின் கையில் கட்டினாள். பிணத்தின் கையில் நோன்புக் கயிறு கட்டக் கூடாது. யாரும் தடுக்கவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“உசுரு இருக்குதா, இல்லியான்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த கேட்டியா நீ?”

அப்பாவை அம்மா ‘நீ’ என்றது அன்றைக்குத்தான். கீழே கொண்டுபோனால் போலீஸ், கேஸ் என்று பயந்து மாமாவை அங்கேயே அடக்கம் செய்தோம்.

என் கல்யாணம் நின்றுவிடும் என்று நினைப்பீர்கள். நிற்கவில்லை. வடக்கனந்தல்காரர்கள் நாலு பெரியவர்களைக் கேட்டுவிட்டு வந்தார்கள். “ஆளு போன சேதி காதுல வுழறதுக்கு மின்னாடியே கயிறு கட்டியாச்சி இல்ல? அப்ப நோம்பு சுத்தம்தான்” என்றார் என் மாமியார். தள்ளிப்போட்டு, பங்குனியில் கல்யாணம் நடந்தது. அப்பா போட்ட கணக்கில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. தூ! இப்படியும் ஒரு சுத்தம். தாய்மாமன் மாலை போட வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் வந்து நின்றது. அந்த வருஷத்துக் கயிற்றை நான் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனேன். நோன்பு எடுத்தேன். வருஷா வருஷம் எடுத்தேன். என் வீட்டு நோன்பு அதிரசத்தை அம்மா ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை.

மாமா சொன்னதும் பலித்தது. கொஞ்ச காலத்தில் ஒதுக்கீடு வந்தது. அதில்தான் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஆர்டரைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கவில்லை. “வெட்ன மரத்துக்குக் கூலி வந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன், பிள்ளையைப் படிக்கவைத்தேன், இப்போது பென்ஷன் வாங்குகிறேன்.

அப்பா அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். அம்மா அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், கடைசியில் படுத்தபோது மலம் மூத்திரம் அள்ளினாள். பேச்சு மட்டும் இல்லை. அவர் சாகும்போது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள்தானே.

வெள்ளையன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இறங்கி வருவார், சாமையோ தேனோ எடுத்துக்கொண்டு. அம்மா அவரை வாசலில் உட்காரவிட மாட்டாள், உள்ளே கூப்பிட்டு, “அண்ணா, சொல்லுண்ணா” என்பாள். மாமாவின் கடைசி நாலு நாளை அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், எப்படி முனகினான். நான் ஒன்றிரண்டு தடவை கூட இருந்திருக்கிறேன். “ஐயா கதவச் சாத்திட்டாரு” என்கிற இடம் வரும்போது வெள்ளையன் ஒரு கணம் என்னைப் பார்ப்பார். அதற்குமேல் சொல்ல மாட்டார். நான் காதைப் பொத்தினதை அவர் அம்மாவிடம் சொல்லவேயில்லை. ஏன் என்று அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்த ரோட்டில் புளியமரம் இல்லை. மிச்சம் இருந்ததை ரோடு அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். கரும்புக் கழனி பிளாட்டாகிவிட்டது, மோட்டார் ரூம் இருந்த இடத்தில் யாரோ வீடு கட்டி மாடியில் சோலார் வைத்திருக்கிறார்கள். சாவுச் சேதியோடு யாரும் வரப்பில் நடந்து வருவதில்லை. போனில் படம் போட்டுப் பக்கத்தில் விளக்கும் போட்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறது, நோன்பு நாள் என்று அதற்குத் தெரியுமா? அப்பா இருந்திருந்தால் போனைக் கிணற்றில் போட்டிருப்பார். வெள்ளையன் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது.

அம்மா போன ஆவணியில் போனாள். கடைசி மாதம் என் வீட்டில்தான் இருந்தாள். எண்பத்தைந்து வயசு, நினைவு தெளிவாகத்தான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பூனைத் தள்ளிவிட்டுத் திடீரென்று கேட்டாள்.

“அன்னிக்கி வெள்ளையன் வந்தப்ப நீ எங்க இருந்த?”

இத்தனை வருஷத்தில் என்னை அவள் அதைக் கேட்டதேயில்லை. சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய் வேறொன்றைச் சொன்னது.

“வாய்க்கா ஓரம் துணி தொவச்சிக்கினு இருந்தேம்மா.”

அம்மா தலையை ஆட்டினாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அதான பாத்தேன். நீ மட்டும் அங்க இருந்திருந்தா ஓடியாந்து எங்கிட்ட சொல்லியிருப்ப. எந்தம்பி பொழச்சிருப்பான்.”

“ஆமாம்மா” என்றேன்.

மீதிக் கஞ்சியை அன்றைக்கு ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.